எனக்கும் வீடு இருக்கு

என் ரம் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் யார் வந்தாலும் கடைசியில் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். டாமினோ கட்டையை மேசையில் ஓங்கி அறைந்துவிட்டு எவனாவது ஒருவன் ஆரம்பிப்பான்: "நம்ம தீவுல பெல் மாதிரி ஒருத்தன் இனிமே பொறக்கணும்." நான் கிளாஸ் கழுவிக்கொண்டே இருப்பேன். நாற்பது வயதுவரை வாய் திறந்து சண்டை போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தவனுக்கு ரம்மில் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் கலப்பதோடு நிறுத்திக்கொண்டேன், ஒரே ஒரு நாள் தவிர.

பெல் என்றால் கார்லைல் பெல்கிரேவ், கிரிக்கெட் ஆட்டக்காரன். பார்படோஸில் அவன் பெயர் தெரியாத குழந்தை கிடையாது. ஆனால் நான் சொல்லப்போவது அவனைப் பற்றி அல்ல. அவனை ஒரே ஒரு தடவை அவுட் கொடுத்த ஆஸ்பர்ட் கிட்டன்ஸைப் பற்றி. என் அக்காள் எல்மினாவின் புருஷன்.

ஆஸ்பர்ட் தச்சன். மேசை, நாற்காலி, சவப்பெட்டி, வீடு எல்லாம் செய்வான். எங்கள் ஊரில் ஏழைகளின் வீடு பலகை வீடு. அடியில் பவளப்பாறைக் கற்களை அடுக்கி அதன்மேல் சும்மா உட்கார்த்தி வைத்திருப்போம். நிலம் கரும்புத் தோட்டத் துரையுடையது, வீடு மட்டும் நம்முடையது. துரை போ என்றால் பலகை பலகையாகக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். ஆஸ்பர்ட் அப்படி எத்தனையோ பேருடைய வீட்டைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்திருக்கிறான். பலகையை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உள்ளே கரையான் இருக்கிறதா இல்லையா என்று சொல்லுவான்.

சனி, ஞாயிறு சும்மா இருக்காமல் அம்பயர் வேலைக்குப் போனான். வெள்ளைக் கோட்டை எல்மினா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். அவன் நடுவில் நின்றால் வம்பு இருக்காது என்று கிளப்காரர்கள் சொல்லுவார்கள். வீட்டில் பேசவே மாட்டான். எல்மினாதான் அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். எங்கள் வழக்கப்படி புருஷனைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "கிட்டன்ஸ், நீ மைதானத்துல விரல் தூக்கற அளவுக்குக்கூட வீட்டுல வாய் தூக்கறதில்லையே!" என்று கேலி செய்வாள். அவன் சிரிப்பான். அப்போது அவள் வயிற்றில் ஏழு மாசம்.

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம் ட்ரினிடாட்காரர்கள் ஆட வந்தார்கள். இங்கிலாந்துக்குப் போகிற மேற்கிந்திய அணியை அந்த ஆட்டம் முடிந்ததும் எழுதப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் பெல்கிரேவ் தொண்ணூற்றெட்டில் நிற்கிறான். மரத்தின் மேலும் ஆள், கூரையின் மேலும் ஆள். ட்ரினிடாட்டின் குள்ளச் சுழல்பந்துக்காரன் ஒரு பந்தைப் போட்டான். அது சுழலவில்லை, நேராக வந்தது. பெல்கிரேவ் இடது காலை நீட்டி, மட்டையைக் கால் பேடுக்குப் பக்கத்தில் ஒளித்துவைத்தபடி முன்னே வந்தான். டொப்பென்று ஒரு சத்தம். குள்ளன் கத்தினான். ஆஸ்பர்ட் வழக்கம்போல ஒரு மூச்சு நேரம் நின்றான். பிறகு விரலைத் தூக்கினான்.

அதோடு முடிந்திருக்கலாம். பெல்கிரேவ் நகரவில்லை. மட்டையை உயர்த்தி அதன் உள்விளிம்பை விரலால் தட்டிக் காட்டினான். பந்து முதலில் மட்டையில் பட்டது, அதனால் இது அவுட் இல்லை என்று அர்த்தம். அப்புறம் கூட்டத்தின் பக்கம் திரும்பி இன்னொரு தடவை தட்டிக் காட்டினான். அதற்குப் பிறகுதான் பாட்டில்கள் பறந்தன.

ஆஸ்பர்ட்டைப் போலீஸ்காரர்கள் மைதானத்துக் கட்டடத்துக்குள்ளேயே பூட்டிப் பாதுகாத்தார்கள். அவன் அங்கே இருப்பது கூட்டத்துக்குத் தெரியாது. அதனால் கூட்டம் வீட்டுக்கு வந்தது.

நான் அன்றைக்கு எல்மினாவோடுதான் இருந்தேன். அவள் சோளமாக் களி கிண்டிக்கொண்டிருந்தாள், நான் வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் பறவைக்கோலா மீன் பொரித்து வைத்திருந்தது. வெளியே சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த முகங்கள். ஆஸ்பர்ட்டிடம் ரம்பம் கடன் வாங்குகிறவன் முன்னால் நிற்கிறான்.

"டேய் திருட்டு அம்பயர்! வெளிய வாடா! ட்ரினிடாட்காரன் எவ்வளவு குடுத்தான்?"

"அவர் வீட்டுல இல்லப்பா! புள்ளத்தாச்சி இருக்கா, போங்கடா!" என்று கத்தினேன்.

எவனோ ஒரு கடப்பாரையை மூலைக் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினான். கல் உருண்டது. வீடு ஒரு பக்கமாகச் சரிந்தது. அவ்வளவுதான். பீங்கான் அலமாரி எல்மினாவின் மேல் விழுந்தது. அவள் கத்தியது கேட்டதும் கூட்டம் சட்டென்று அமைதியாகி, ஒவ்வொருவராகக் கரும்புக் காட்டுப் பக்கம் நழுவியது. "சும்மா வெளாட்டுக்குத்தான் ஆட்டினோம்" என்று பிறகு சொன்னார்கள். யார் ஆட்டியது என்று போலீஸ் கேட்டபோது ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

குழந்தை செத்துப் பிறந்தது. ஆண் குழந்தை. எல்மினாவின் இடுப்பெலும்பு கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அவள் கோல் இல்லாமல் நடக்கவும் இல்லை, இன்னொரு குழந்தை பெறவும் இல்லை.

திங்கட்கிழமை ஆட்டம் தொடர்ந்தது. ஆஸ்பர்ட் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வெள்ளைக் கோட்டோடு மைதானத்துக்குப் போனான். வாசலிலேயே சங்கத்துக் காரியதரிசி நிறுத்திவிட்டார். "நீங்க ஓய்வெடுங்க மிஸ்டர் கிட்டன்ஸ். உங்க நல்லதுக்குத்தான்." அவனுக்குப் பதிலாக மில்லிங்டன் என்று ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் நின்றார். இரண்டாவது இன்னிங்ஸில் அதே குள்ளன் அதே பந்தைப் போட்டான். பெல்கிரேவ் அதே காலை நீட்டினான். நடு ஸ்டம்புக்கு நேரே பேடில் பட்டது. மில்லிங்டன் வானத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார். ஓவர் முடிந்ததும் குள்ளன் பக்கத்தில் வந்து, "சார், அது எப்படி சார் அவுட் இல்ல?" என்று கேட்டானாம். மில்லிங்டன் சொன்னார்: "தம்பி, எனக்கும் வீடு இருக்கு."

மில்லிங்டனே என் கடையில் குடித்துவிட்டு இதைச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். ஆனால் அந்த வாக்கியம் ஊரில் சிரிப்பாகப் பரவியது. அதற்குப் பிறகு இந்தத் தீவில் பெல்கிரேவின் கால் பேடில் எங்கே பந்து பட்டாலும் அம்பயர்கள் வானத்தைப் பார்த்தார்கள். பந்துவீச்சாளன் முறைத்தால், "எனக்கும் வீடு இருக்கு" என்பார்கள். பெல்கிரேவும் காலை இன்னும் தைரியமாக நீட்டினான். இருநூறு அடித்தான், முந்நூறு அடித்தான். உள்ளூரில் அவனை அவுட்டாக்க வேண்டுமென்றால் ஸ்டம்பைச் சாய்க்க வேண்டும், இல்லை பந்தைப் பிடிக்க வேண்டும்.

இங்கிலாந்து போனபோது மட்டும் எல்.பி.டபிள்யூ, எல்.பி.டபிள்யூ என்று வரிசையாக ஆட்டமிழந்து வந்தான். "வெள்ளைக்கார அம்பயர் எல்லாம் களவாணிப் பயலுங்க" என்று கடையில் கொதித்தார்கள். அங்கேயும் களவாணிகள் இருந்திருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுடைய ஆட்டக்காரர்கள் அவர்கள் ஊரில் எப்படி ஆடினார்களோ, யார் கண்டது? ஆனால் இங்கே பெல் எடுத்த ரன்களில் எத்தனை பெல் எடுத்தது, எத்தனை என் அக்காளின் இடுப்பெலும்பு எடுத்தது என்று கேட்டால் ஒருத்தனுக்கும் பதில் தெரியாது.

இதில் இன்னொரு அநியாயம் உண்டு. பெல்லோடு ஆட்டத்தைத் தொடங்குகிறவன் எவர்ஸ்லி என்ற பையன். நல்ல கை. பெல்லுக்கு விரல் தூக்க முடியாத அம்பயர்கள், தாங்களும் கண்டிப்பானவர்கள்தான் என்று காட்ட எவர்ஸ்லிக்குத் தூக்கினார்கள். பேடில் பட்டால் போதும், அவுட். மூன்று வருஷத்தில் அவன் ஆட்டம் முடிந்து போய் பஸ் ஓட்டப் போனான். இன்றைக்கும் சனிக்கிழமை என் கடையில் டாமினோ ஆடுகிறவன் அவன்தான். பெல்லைப் போல ஒருத்தன் பிறக்க வேண்டும் என்று மேசையை அறைகிறவனும் அவன்தான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆஸ்பர்ட் வீட்டைக் கழற்றினான். பலகைகளுக்குச் சாக்கட்டியால் குறி போட்டு, லாரியில் ஏற்றி, தீவின் வடக்குக் கோடியில் உப்புக்காற்று அறைகிற ஒரு மேட்டில் கொண்டுபோய்ப் பூட்டினான். அங்கே போயும் ஊர் விடவில்லை. அவன் சைக்கிளில் போனால் சின்னப் பிள்ளைகள்கூட ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும். கல்யாணத்துக்குக் கட்டில் செய்யச் சொல்ல யாரும் வரவில்லை. சவப்பெட்டிக்கு மட்டும் வந்தார்கள். செத்தவனுக்கு யார் செய்தால் என்ன?

ஊர் கேலியை அவன் தாங்கிக்கொண்டான். அவனை அரித்தது வேறு. பெல்கிரேவ் மட்டையைத் தட்டிக் காட்டினானே, அது. நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். வேலையின் நடுவே பலகையை விரல் முட்டியால் தட்டுவான், தலையைச் சாய்த்துக் கேட்பான், பழைய பேடு ஒன்றை ஆணியில் மாட்டி வைத்திருந்தான், அதையும் தட்டுவான்.

"மரத்துச் சத்தம் எனக்குத் தெரியும் வெரோனா. அன்னிக்கு நான் கேட்டது மரம் இல்ல. துணியும் பஞ்சும்தான்" என்று என்னிடம் சொல்லுவான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா கூட்டம் கத்திக்கிட்டு இருந்துச்சே. ரெண்டும் சேந்து பட்டிருந்தா? அவன் தட்டிக் காட்டினானே. மட்டை புடிச்ச கைக்குத் தெரியாதா?" என்பான்.

எல்மினா உள்ளேயிருந்து சொல்லுவாள்: "அது அவுட்டுன்னு தெரிஞ்சா போதும் எனக்கு. சரியானதச் செஞ்சதுக்கு வெல குடுத்தோம்னு நெனைச்சுப்பேன். இல்லேன்னா எம் புள்ள எதுக்குச் செத்தான்?" அவள் இதைச் சொன்னால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவே இந்த ஒரே கேள்விதான் குடியிருந்தது. பதில் தெரிந்த ஆள் ஊர் ஊராக மாலை வாங்கிக்கொண்டிருந்தான்.

நாடு சுதந்திரம் வாங்கி, பெல்கிரேவுக்கு மூட்டு தேய்ந்து, தலை நரைத்த பிறகு, மைதானத்தில் புதிதாகக் கட்டிய பார்வையாளர் மாடத்துக்கு அவன் பெயரை வைப்பதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை நான் எல்மினாவுக்குப் பன்றிக்கறி ஊறுகாய் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேட்டின் கீழே ஒரு கார் வந்து நின்றது. கழுத்துப்பட்டையும் கைத்தடியுமாக, மூச்சு வாங்க, பெல்கிரேவ் ஏறி வந்தான்.

"மிஸ்டர் கிட்டன்ஸ், உள்ள வரலாங்களா?"

ஆஸ்பர்ட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். எல்மினா ஜன்னலோரம் கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"அடுத்த சனிக்கிழமை விழா. நீங்க எம் பக்கத்துல மேடையில உக்காரணும். அதக் கேக்கத்தான் வந்தேன்."

ஆஸ்பர்ட் சுற்றி வளைக்கவில்லை. "பந்து மட்டையில பட்டுச்சா?"

பெல்கிரேவ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். கடற்காற்றில் பலகைகள் கிறீச்சிட்டன.

"படல."

ஆஸ்பர்ட் கண்ணை மூடிக்கொண்டான். அவன் தோள் இரண்டும் இறங்கியதை நான் பார்த்தேன்.

"அப்ப ஏன்யா தட்டிக் காட்டின?" எல்மினா கேட்டாள்.

"இன்னும் ரெண்டு ரன்னும்மா. இங்கிலாந்து டீம எழுதப் போற நேரம். மொதத் தடவ கை தானாத் தட்டிருச்சு. ரெண்டாவது தடவ கூட்டத்தப் பாத்துத் தட்டினேன் பாருங்க, அது நான்தான். கூட்டம் உங்க வீட்டுக்குப் போகும்னு சத்தியமா நெனைக்கல."

"போனதுக்கு அப்புறம்? அப்புறமாவது வந்து சொல்லியிருக்கலாமே?"

பெல்கிரேவ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஆஸ்பர்ட்டிடம் கேட்டான்:

"மிஸ்டர் கிட்டன்ஸ், நான் பெரிய ஆட்டக்காரன்தானா? எல்லாரும் சொல்றாங்க. கல்லுல வேற செதுக்கப் போறாங்க. எனக்குத் தெரியல. உங்களுக்கு அப்புறம் இங்க என்னை யாருமே அவுட் குடுக்கலியே. உங்க ஒருத்தர் வாயால கேட்டா நம்புவேன்."

வந்து கேட்கிறான் பார், இந்த வீட்டில்! ஆஸ்பர்ட் கோபப்படவில்லை.

"நல்லா ஆடினே பெல்கிரேவ். எவ்வளவு நல்லான்னு எனக்குத் தெரியாது. அதக் கண்டுபிடிக்கத்தான் நடுவுல ஒரு ஆளை நிக்க வெக்கிறாங்க. எங்க வீட்டுக் கல்லோட சேத்து அந்த ஆளையும் புடுங்கிட்டாங்க. இனிமே உனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது."

பெல்கிரேவ் எழுந்தபோது எல்மினா முதல் தடவையாக அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இங்க சொன்னத மேடையில சொல்லு. சொல்றதா இருந்தா வர்றோம்."

"சொல்றேம்மா."

போனோம். எல்மினா கல்யாணத்தன்று போட்டிருந்த தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஆஸ்பர்ட் மேடையில் ஏறவில்லை, எங்களோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தான். மந்திரி பேசினார், பாதிரியார் பேசினார். பெல்கிரேவ் கைத்தடியை ஊன்றி ஒலிபெருக்கி முன்னால் வந்தான். சொன்னபடி சொன்னான். ஒளிக்காமல் சொன்னான். அந்தத் தொண்ணூற்றெட்டில் பந்து என் மட்டையில் படவே இல்லை, மிஸ்டர் கிட்டன்ஸ் கொடுத்தது சரியான அவுட், நான் பொய்யாகத் தட்டிக் காட்டினேன், அதனால் அவர் குழந்தை செத்தது, அவர் மனைவி நொண்டியானார்.

எல்மினா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் தோலில் பதிந்தது.

அப்போது பின்னாலிருந்து எவனோ எழுந்து நின்று கை தட்டினான். இன்னொருவன் எழுந்தான். மைதானம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பக்கத்து வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்: "பாத்தியா, என்ன மனசு! அந்தக் கெழவர் மானத்தக் காப்பாத்தறதுக்குப் பழியத் தன் தலையில போட்டுக்கறாரு பாரு!"

"இல்ல, இல்ல! நெசமாத்தான் சொல்றேன்!" பெல்கிரேவ் கத்தினான். கை தட்டல் இன்னும் பெரிசாயிற்று. அவன் எங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தான். மந்திரி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வானொலிக்காரன் தழுதழுத்த குரலில் பெருந்தன்மை, பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் என் கடையில் இறங்கினோம். எல்மினாவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை, உள்ளறையில் படுக்க வைத்தேன். ஆஸ்பர்ட்டுக்கு மரப்பட்டையில் காய்ச்சும் மாபி பானம் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். எவர்ஸ்லி டாமினோவை விட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"மிஸ்டர் கிட்டன்ஸ், ரேடியோல கேட்டோம். பெல் உங்களுக்காக எவ்வளவு பெரிய பொய்யச் சொல்லிட்டாரு பாத்தீங்களா? வேற எவன் செய்வான்?"

"எவர்ஸ்லி, நீ அவன்கூட ஆடினவன். எத்தன தடவ எதிர்ப்பக்கம் நின்னு பாத்திருப்பே. உனக்குமா தெரியல?" ஆஸ்பர்ட் கேட்டான். அவன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

எவர்ஸ்லி அவன் தோளில் தட்டிக் கொடுத்தான். "விடுங்க. பழசெல்லாம் போகட்டும். இப்ப உங்கமேல யாருக்கும் கோவம் இல்ல."

எவர்ஸ்லியின் கிளாஸைப் பிடுங்கி அதில் இருந்ததை வாசலில் ஊற்றினேன். "டேய், வெளிய போ! உன் ஆட்டத்தையே அவனுக்குத் தாரை வார்த்துக் குடுத்த மடையன் நீ!" அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். மற்றவர்கள் என்னைத்தான் பைத்தியக்காரியைப் போலப் பார்த்தார்கள். ஆஸ்பர்ட் மாபியைத் தொடாமல் எல்மினாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனான்.

அடுத்த கரும்பு வெட்டுக்குள் எல்மினா போய்விட்டாள். சவப்பெட்டியை ஆஸ்பர்ட்டே செய்தான், யாரையும் தொட விடவில்லை. தேவாலயத்துக்குத் தூக்குவதற்கு முன்னால் எல்லாரையும் வெளியே போகச் சொன்னான். நான் மட்டும் கதவருகில் நின்றேன். அவன் குனிந்து விரல் முட்டியால் மூடியைத் தட்டினான். தலையைச் சாய்த்துக் கேட்டான். இன்னொரு தடவை தட்டினான்.

"கேட்டியா எல்மினா? இதுதான் மரம். அன்னிக்கு இந்தச் சத்தம் வரல."

பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தூக்குகிறவர்களைக் கூப்பிடச் சொன்னான்.